உறை மணல்

பூமியில் இருக்கிற பொருள்களிலேயே சுத்தமானது கடற்கரை மணல்தான். தண்ணீர், நெருப்பு, தாய்ப்பால் எல்லாம் அதற்கு அடுத்த வரிசையில் நிற்க வேண்டியவை. பகலெல்லாம் வெயில் அதை வறுக்கிறது, உப்பு ஊறவைக்கிறது, காற்று ஓயாமல் சலிக்கிறது. இதற்கு மேலும் சுத்தமாக வேண்டுமென்றால் அந்தப் பொருள் இல்லாமலேதான் போக வேண்டும். அப்பேர்ப்பட்ட மணலிலும் உயர்ந்த மணல் ஒன்று உண்டு. அது ஆமை முட்டைக் காப்பகத்தின் கொட்டகைக்குள், சாக்கில், வாய் இறுகக் கட்டப்பட்டு, தரையில் படாமல் இரண்டு மரக்கட்டைகளின் மேல் அமர்ந்திருக்கிறது. உலகத்துக் கடல்களில் இன்று நீந்திக்கொண்டிருக்கும் ஆமைகளில் பெரும்பகுதி அந்தச் சாக்கின் புண்ணியத்தில்தான் நீந்துகின்றன.

காப்பகத்தின் தலைமைக் காவலர் வேலிக்கு வெளியே நின்று வேடிக்கை பார்க்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் இதைத்தான் சொல்வார். பிள்ளைகள் சிரித்தால் பேச்சை நிறுத்திவிட்டுக் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்பார். சிரிப்பு அடங்கியதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வார். தலைமைக் காவலர் என்றதும் அவருக்குக் கீழே ஒரு படை இருப்பதாக நினைத்துவிட வேண்டாம். ஒரே ஓர் ஆள். அதுவும் சொந்தத் தம்பி.

தெருவில் அவருக்குத் தாய்மாமன் என்று பெயர். கிட்டத்தட்ட அவரே வைத்துக்கொண்டது.

"ஆத்தாக்காரி கரையேறி வருவா, முட்டையப் போடுவா, மண்ணை மூடுவா, திரும்பிக்கூடப் பாக்காம போயிடுவா. அப்பன் யாருன்னு அவளுக்கே சந்தேகம். அப்புறம் அந்தப் பிள்ளைங்களுக்குன்னு யாரு இருக்கா? தாய்மாமன் நான்தான இருக்கேன்?"

டீக்கடையில் இப்படி ஒரு நாள் சொல்லிவைத்தார். மறுநாளிலிருந்து கடைக்காரர் முதல் மீன் கூடைக்காரி வரைக்கும் "என்ன தாய்மாமா, மருமக்கள் சௌக்கியமா?" என்று விசாரிக்க ஆரம்பித்தார்கள். அது கேலி என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் பட்டம் என்பது யார் எதற்குக் கொடுத்தாலும் பட்டம்தானே என்று வாங்கி வைத்துக்கொண்டார்.

வேலை லேசானது இல்லை. விடியற்காலையில் அண்ணனும் தம்பியும் கரையோரமாக நடப்பார்கள். ஆமை ஏறி இறங்கிய தடம், சின்ன டிராக்டர் ஒன்று கடலிலிருந்து வந்து, மனசு மாறித் திரும்பிப் போன மாதிரி இருக்கும். தடம் வளைகிற இடத்தில் தாய்மாமன் ஒரு குச்சியை மணலில் இறக்குவார். மற்ற இடத்தில் மணல் முரண்டு பிடிக்கும். கூட்டுக்கு மேலே மட்டும் குச்சியை உள்ளே வா என்று விடும். அப்புறம் கையால் தோண்டல். முட்டைகளை எப்படிக் கிடந்தனவோ அப்படியே, புரட்டாமல், ஒவ்வொன்றாக வாளியில் அடுக்க வேண்டும். நாயும் நண்டும் நரியும், எல்லாவற்றையும்விட மனிதனும் தின்றுவிடாமல், வேலி போட்ட காப்பகத்துக்குக் கொண்டுவந்து, ஆமை தோண்டியதைப் போலவே ஒரு குழி எடுத்துத் திரும்பப் புதைக்க வேண்டும். குழி குடம் மாதிரி. கழுத்து குறுகல், வயிறு அகலம். தாய்மாமன் குப்புறப் படுத்து, தோள்வரைக்கும் கையை மணலுக்குள் விட்டு, கன்னம் தரையில் ஒட்ட, கண்ணை மூடிக்கொண்டு தோண்டுவார். பார்க்கிறவர்களுக்கு, பூமியின் காதில் அவர் ஏதோ கோள் சொல்கிற மாதிரி இருக்கும்.

குழி முடிந்ததும் உறை. இது வேறெந்தக் கடற்கரையிலும் கிடையாது. அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு. பல வருடங்களுக்கு முன்னால் ஒரு குழியில் வைத்த முட்டை அத்தனையும் பொரித்தது. ஒன்றுகூடப் பழுதில்லை. தாய்மாமன் யோசித்தார். பாலில் ஒரு கரண்டி பழைய தயிரை விட்டால் அந்தப் பால் முழுக்கத் தயிராகிறது. பொரித்த குழியின் மணலைப் புதுக் குழியில் போட்டால் அதுவும் பொரிக்காதா? அந்தக் குழியின் மணலை, உடைந்த ஓட்டுத்துண்டு, உலர்ந்த சவ்வு, பிசுபிசுப்பு எதையும் விடாமல் சாக்கில் அள்ளினார். அன்றிலிருந்து ஒவ்வொரு வருடமும் நன்றாகப் பொரித்த குழியின் மணல் சாக்கில் சேரும். ஒவ்வொரு புதுக் குழியிலும் அதிலிருந்து ஒரு கை விழும். சாக்கை வெயிலில் வைக்க விடமாட்டார். உறை செத்துப்போய்விடுமாம்.

தம்பி இதை ஒத்துக்கொள்ளவில்லை. அவன் காப்பகத்துக்கு வருவதற்கு முன் கோழிப்பண்ணையில் இருந்தவன். அங்கே முட்டையைத் தொடுவதற்கு முன்னால் கை கழுவச் சொல்லித் திட்டித் திட்டி அவனுக்கு அது ஒரு வியாதி மாதிரி ஒட்டிக்கொண்டுவிட்டது. கொட்டகைக்குப் பின்னால் இருக்கும் தண்ணீர் டிரம்மின் பக்கத்தில் உட்கார்ந்து, சோப்புப் போட்டு, முழங்கை வரைக்கும் தேய்ப்பான். கழுவிய கையைச் சட்டையில் துடைக்கமாட்டான். தூக்கிப் பிடித்துக்கொண்டு காயும்வரைக்கும் நிற்பான்.

"என்ன டாக்டரு, ஆபரேஷனா?" என்பார் தாய்மாமன். "வயித்தக் கிழிச்சா எடுக்கப்போற?"

"முட்டை ஓடு மூச்சு விடும்ணே. கை அழுக்கா இருந்தா உள்ள போயிடும்."

"ஏண்டா, ஆமை கை கழுவிட்டா வந்து முட்டை போடுது?"

"ஆமைக்குத்தான் கையே இல்லையே. துடுப்புல்ல இருக்கு."

"கோழிப்பண்ணையில நாலு இறகு பொறுக்கிட்டு வந்து எனக்குப் பாடம் எடுக்கறியா? கோழி என்ன, கடல் தாண்டுமா? ஆயுசு பூரா நீந்துமா? கொக்கரக்கோன்னு ஒரு சத்தம், அப்புறம் குழம்பு. அதுவும் இதுவும் ஒண்ணாடா?"

தம்பி சிரித்துவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு பாறைகளுக்கு அந்தப் பக்கம் போய்விடுவான். அங்கே கடல் நிதமும் வந்து கழுவிவிட்டுப் போகும் மணல் இருந்தது. அதை அள்ளி, சுமந்து வந்து, ஆளுக்கொரு வரிசை என்று பிரித்துக்கொண்ட குழிகளில் தன் வரிசைக்கு அதைத்தான் போடுவான். காப்பகத்துக்குள்ளேயே மணல் மலை மாதிரி கிடக்கும்போது, மணலைச் சுமந்துகொண்டு மணலில் நடந்து வரும் அவனைப் பார்த்தால் தாய்மாமனுக்கு வயிறு குலுங்கும். "கடலுக்கே தண்ணி சுமக்கறான் பாருங்கய்யா!" என்று வேலிக்கு வெளியே போகிறவர்களிடம் காட்டுவார்.

ஆனாலும் தம்பி தம்பிதான். அம்மா போனபின் அவர் தூக்கி வளர்த்த பிள்ளை. அவன் வரிசை பொரிக்காமல் போனால் அவனுக்கு அவமானம், அவனைச் சிபாரிசு செய்து வேலைக்குச் சேர்த்த தனக்கும் அவமானம். அந்த வருடம் சாக்கில் உறை குறைவாக வேறு இருந்தது. தாய்மாமன் ஒரு முடிவுக்கு வந்தார். தன் வரிசைக்கு ஒரு சிட்டிகை போதும். தன் கைராசி மீதியைப் பார்த்துக்கொள்ளும். தம்பி பாறைக்கு அந்தப் பக்கம் மணலுக்குப் போகும் நேரமெல்லாம், அவன் எடுத்து வைத்த குழிகளுக்குள் இரண்டு கை, மூன்று கை என்று அள்ளிப் போட்டு, மேலே கொஞ்சம் மணலைத் தூவி மறைத்தார். சொன்னால் கேட்கமாட்டான், சொல்லாமல் செய்வோம். சின்ன வயதில் மருந்தைச் சோற்று உருண்டைக்குள் வைத்து ஊட்டியதும் இப்படித்தான்.

காப்பகத்தின் பின்னால் ஒரே வீட்டில்தான் இரண்டு குடும்பமும். முன்னறை அண்ணனுக்கு, பின்னறை தம்பிக்கு, நடுவில் ஒரு சமையலறை. வீடு காப்பகத்தை நடத்தும் ஆபீசுக்குச் சொந்தம். அண்ணன் மனைவியைப் பெரியவள் என்றும் தம்பி மனைவியைச் சின்னவள் என்றும் தெருவில் சொல்வார்கள். இருவரும் ஒரே அடுப்பில் சமைத்து, ஒரே கயிற்றில் துணி காயப்போட்டு, கணவன்மார்களைப் பற்றி ஒரே அபிப்பிராயம் வைத்திருந்தார்கள். சின்னவளுக்கு அப்போது வயிற்றில் பிள்ளை. உட்காரும்போதும் எழும்போதும் பெரியவளின் தோளைப் பிடித்துக்கொள்வாள்.

பொரிக்கும் காலம் வந்தது. குஞ்சுகள் மேலே வருவதற்கு முன் குழிக்கு மேலே மணல் லேசாக உள்வாங்கும். கன்னக்குழி விழுவது மாதிரி. தாய்மாமன் வரிசையில் குழி விழுந்தது. சாயங்காலம் மணல் கொதிக்கிற மாதிரி அசைந்து, கறுப்புக் குஞ்சுகள் ஒன்றின் தலையை ஒன்று மிதித்துக்கொண்டு வந்தன. எல்லாம் வரவில்லை, பாதிக்கு மேல் வந்தன. போன வருடத்தைவிடக் குறைவு, அதற்கு முந்திய வருடத்தைவிட இன்னும் குறைவு. தாய்மாமன் குறைவைப் பார்க்கிற ஆள் இல்லை. "பாத்தியா பாத்தியா" என்று வந்ததையே காட்டிக்கொண்டிருந்தார்.

தம்பி வரிசையில் மணல் அசையவில்லை. காத்திருந்தார்கள். தம்பி காலையில் எழுந்ததும் பல்கூடத் துலக்காமல் ஓடிப்போய் மண்டியிட்டுப் பார்ப்பான். மணல் இஸ்திரி போட்ட மாதிரி கிடந்தது. பிறகு ஈ வந்தது. ஈக்குப் பின்னால் வாடை வந்தது. சமையலறை ஜன்னலைச் சாத்தியும் வந்தது. சின்னவள் வாயைப் பொத்திக்கொண்டு பின்பக்கம் ஓடினாள்.

தோண்டிப் பார்த்தார்கள். முட்டைகள் வெள்ளையாக இல்லை. சில இளஞ்சிவப்பு, சில பச்சை, சில கறுத்துச் சுருங்கி, தொட்டதும் வெடித்தன. ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கொத்தாக வந்தன. ஒரு குழி, அடுத்த குழி, அதற்கடுத்தது. வரிசை முழுக்க அப்படியே. தம்பி ஒரு முட்டையைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தான்.

"நான் எல்லாம் சரியாத்தானண்ணே செஞ்சேன்?"

"நீ உறை போடல" என்றார் தாய்மாமன். சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. போட்டிருந்தாரே. அதுவும் கை கையாக. அந்த எண்ணத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல், 'அப்படிப் போட்டும் பொரிக்கலேன்னா இவன் கையில்தான் ஏதோ கோளாறு' என்று ஒரு மூலையில் தள்ளி வைத்தார்.

அந்த வாரம் சோதனைக்கூடத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். சின்னச் சின்னப் பிளாஸ்டிக் டப்பாக்களில் மணல் எடுத்துக்கொண்டு போவது அவள் வேலை. அதனால் டப்பா மேடம். கடலோரத்தில் கொஞ்சம், வேலியோரத்தில் கொஞ்சம், ஒவ்வொரு வரிசையிலும் கொஞ்சம் எடுத்தாள். கொட்டகைக்குள் எட்டிப் பார்த்து, "அந்தச் சாக்குல என்னங்கய்யா?" என்றாள்.

"அதுதாம்மா மருந்து. எடுத்துக்கங்க. உங்க மெஷினு இதுவரைக்கும் இப்படி ஒரு சுத்தத்தப் பாத்திருக்காது." தாய்மாமன் தாராளமாகவே அள்ளிக் கொடுத்தார். "மணலை விடுங்க. ஆளுங்க கையையும் சோதிக்க முடியுமா?"

"கையையா?"

"சில பேருக்குக் கை சரியில்லாம இருக்கலாமில்ல?"

அவள் பஞ்சுக்குச்சியால் தாய்மாமன் கையைத் துடைத்து ஒரு குழாய்க்குள் போட்டாள். தம்பி கையையும் துடைத்தாள். தம்பி தன் உள்ளங்கையை அப்படியே நீட்டிக்கொண்டு, அவள் போனபின்னும் மடக்காமல் நின்றான்.

அவள் முடிவோடு திரும்பி வருவதற்கு முன்னால் ஆபீசர் வந்துவிட்டார். ஜீப்பை விட்டு இறங்கும்போதே கைக்குட்டை மூக்குக்குப் போய்விட்டது. நல்ல மனிதர். யாரையும் சத்தம் போட்டுப் பேசமாட்டார். கெடுதல் செய்யும்போதுகூட ரகசியம் சொல்வது போலத்தான் செய்வார்.

"மேலிடத்துல இங்க ஒரு ஆளு போதாதான்னு ரொம்ப நாளாக் கேக்கறாங்கய்யா. நான்தான் இழுத்துப் பிடிச்சிட்டு இருக்கேன். இப்ப இதை வச்சிட்டு நான் என்னன்னு பதில் சொல்ல?" அழுகிய வரிசையைக் காட்டினார். "இது யாரு வரிசை?"

தம்பி அண்ணனைப் பார்த்தான். வேலிக்கு அந்தப் பக்கம் பெரியவளும் சின்னவளும் நின்றார்கள். 'எங்க வரிசைதான் சார்' என்று சொல்லியிருக்கலாம். தாய்மாமன் யாரையும் காட்டிக்கொடுக்க நினைக்கவில்லை. அந்தக் கேள்வியில் தன் பெயர் அடிபடுகிறதோ என்றுதான் பயந்தார்.

"என் கை பட்டதெல்லாம் பொரிச்சிருக்கு சார்" என்றார்.

ஆபீசர் தலையாட்டினார். மாதக் கடைசி வரைக்கும் தம்பி இருக்கலாம் என்று மெல்லச் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். வேலை போனால் பின்னறையும் போகும். அதை அவர் சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியமும் இல்லை.

அன்று சாப்பாட்டில் யாரும் கை வைக்கவில்லை, தாய்மாமனைத் தவிர. மீன் துண்டில் முள் எடுத்துக்கொண்டே, "கொஞ்ச நாள் போகட்டும். நான் ஆபீசர்கிட்ட பேசறேன். என் பேச்சுக்கு அவரு மதிப்புக் கொடுப்பாரு" என்றார்.

"இன்னிக்குக் கொடுத்தாரே, பாத்தோமே" என்றாள் சின்னவள்.

"நான் என்னம்மா தப்பா சொல்லிட்டேன்? உள்ளதத்தான் சொன்னேன்."

"மாமா, 'எங்க வரிசை'ன்னு ஒரு வார்த்தை. உங்க வாயிலேருந்து முத்தா கொட்டியிருக்கும்? ஊருக்கெல்லாம் விடியற வரைக்கும் பேசறீங்க. ஆமைக்குத் தாய்மாமன். என் வயித்துல இருக்கறதுக்கு நீங்க யாரு மாமா?"

"சும்மா இரு" என்றான் தம்பி.

"நான் சும்மாத்தான் இருக்கேன். நீங்க சும்மா இருந்ததுக்குத்தான் வீட்டக் காலி பண்றோம்."

பெரியவள் எழுந்து போய் அடுப்பை அணைத்தாள். அணைக்க அதில் நெருப்பு எதுவும் இல்லை.

மாதக் கடைசியில் ஒரு மினி லாரி வந்தது. ஒரு கட்டில், ஒரு பீரோ, பாத்திர மூட்டை. சாலைமுனை ஐஸ் ஃபேக்டரியில் தம்பிக்கு வேலை கிடைத்திருந்தது. மெஷின் அறைக்குப் பின்னால் குடியிருக்க ஒரு அறையும் கொடுத்தார்கள். கட்டிலைக் கழற்றும்போது தாய்மாமன் போல்ட்டு ஒன்றைப் பிடித்துக்கொண்டு, "இதை இடப்பக்கமாத் திருகணும், உனக்கு ஒண்ணும் தெரியாது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். தம்பி இடப்பக்கமாகத்தான் திருகிக்கொண்டிருந்தான். லாரி கிளம்பும்போது சின்னவள் பெரியவளின் தோளை வழக்கம்போலப் பிடித்தாள். ஏறி உட்கார்ந்ததும் விட்டுவிட்டாள்.

டப்பா மேடம் திரும்ப வந்தபோது பெரியவள் ஒற்றைக் குடும்பத்துக்கு அரிசி அளந்துகொண்டிருந்தாள். மேடம் கொட்டகை மேசையில் வட்டக் கண்ணாடித் தட்டுகளை வரிசையாக வைத்தாள். ஒவ்வொன்றிலும் கெட்டிக்கஞ்சி மாதிரி ஏதோ உறைந்திருந்தது. அதன்மேல் கொஞ்சம் மணலைத் தூவிச் சூட்டில் வைத்திருந்து, எது முளைக்கிறது என்று பார்ப்பார்களாம்.

"இது பாறைக்கு அந்தப் பக்கத்து மணல்." தட்டில் இரண்டு மூன்று புள்ளிகள். "இது வேலியோரம்." கொஞ்சம் கூட.

"நான் சொல்லல? சுத்தம்" என்றார் தாய்மாமன்.

"இது உங்க சாக்கு."

அந்தத் தட்டில் காலி இடமே இல்லை. மஞ்சளாக, பச்சையாக, பிசுபிசுவென்று ஒரு படலம். அதன்மேல் வெள்ளைப் பஞ்சாகப் பூஞ்சை. மூடியைத் திறக்காமலே ஒரு வாடை வருவது போலிருந்தது. தாய்மாமனுக்கு அந்த வாடை தெரியும்.

"பொரிஞ்ச குழியில உடைஞ்ச ஓடு, வழிஞ்ச தண்ணி, செத்த குஞ்சு எல்லாம் கிடக்குமில்லீங்களா? கிருமிக்கு அதுதான் சாப்பாடு. வெறும் மணல்ல, வெயில்ல கிடந்திருந்தா பாதி செத்திருக்கும். நீங்க நிழல்ல மூட்டை கட்டி வச்சு, வருஷா வருஷம் புதுசா வேற சேத்திருக்கீங்க. முட்டை ஓட்டுல கண்ணுக்குத் தெரியாத துளை இருக்கு. அது வழியா உள்ள போயிடும்."

"தயிருக்கு உறை ஊத்தற மாதிரிதாம்மா நான்…"

"ஆமாங்கய்யா. அதே மாதிரிதான். நல்லா உறைஞ்சிருக்கு."

அவள் கேலி செய்யவில்லை. அது இன்னும் மோசம்.

"கை?" என்றார் தாய்மாமன். "கை பாத்தீங்களே?"

ஒரு தட்டை நகர்த்தினாள். சாக்கின் தம்பி மாதிரி இருந்தது. அதே மஞ்சள், அதே பச்சை. "இது உங்களுது." அடுத்ததில் கண்ணை இடுக்கிப் பார்த்தால் ஓரத்தில் ஒரே ஒரு புள்ளி. "இது உங்க தம்பி."

பெரியவள் அரிசிப் படியோடு கொட்டகை வாசலில் வந்து நின்றிருந்தாள்.

"எனக்குப் புரியாதது ஒண்ணுதாங்கய்யா" என்றாள் மேடம். "அழுகின வரிசையிலயும் இதே சாக்குக் கிருமிதான். அதுவும் உங்க வரிசையவிட மடங்கு மடங்கா. ஆனா உங்க தம்பி அந்த மணலைத் தொடவே மாட்டேன்னு எங்கிட்ட சொன்னாரே? அது எப்படி அங்க போச்சு?"

தாய்மாமன் கடலைப் பார்த்தார். சிரிப்பு அடங்கட்டும் என்று பார்க்கிற மாதிரி. ஆனால் யாரும் சிரிக்கவில்லை. பெரியவள் கணவனின் கையைப் பார்த்தாள். அப்புறம் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு விளங்கிவிட்டது.

"ஆபீசர்கிட்ட சொன்னேன்" என்று தட்டுகளை அடுக்கினாள் மேடம். "பாவம்னாரு. அந்த வேலையையே மேலிடத்துல எடுத்துட்டாங்களாம். இனி திரும்பாதாம். உங்க தம்பிகிட்ட மட்டும் சொல்லிடுங்கய்யா. அன்னிக்கு ரொம்ப உடைஞ்சிருந்தாரு. நான் போய்ச் சொல்றதவிட நீங்க சொன்னா நல்லாருக்கும்."

அவள் போனதும் பெரியவள் கேட்டாள்: "எத்தனை கை போட்டீங்க?"

"அவனுக்கு நல்லா வரணும்னுதான்டி…"

"அத நான் கேக்கல. வேலை திரும்பாது, சரி. தப்பு அவன் மேல இல்லன்னாவது அவனுக்குத் தெரியணும். போய்ச் சொல்லிட்டு வாங்க. சொல்லாம இந்த வாசப்படி ஏறாதீங்க."

ஐஸ் ஃபேக்டரிக்கு வெளியே எப்போதும் சேறு. உள்ளே உப்புத்தண்ணீர்த் தொட்டியிலிருந்து நீளப் பெட்டிகளைச் சங்கிலியால் தூக்கிக் கவிழ்க்க, ஆள் உயரக் கட்டிகள் வழுக்கிக்கொண்டு வந்தன. தம்பி கொக்கியால் ஒன்றை இழுத்துக்கொண்டிருந்தான். அண்ணனைப் பார்த்ததும் கொக்கியைப் போட்டுவிட்டு ஓடி வந்தான். அதைத் தாய்மாமன் எதிர்பார்க்கவில்லை. கோபமாக இருப்பான், முகம் கொடுக்கமாட்டான், அதைச் சாக்காக வைத்துத் திரும்பிவிடலாம் என்றுதான் வழியெல்லாம் கணக்குப் போட்டிருந்தார்.

"வாண்ணே. அண்ணி நல்லாருக்கா? சாப்பிட்டியா?"

"ம். இங்க எப்படி?"

"குளிருதான். பழகிடும்." கைகளை அக்குளில் சொருகிக்கொண்டான். "சின்னவளுக்குத்தான் மெஷின் சத்தத்துல தூக்கமே இல்ல. நாள் நெருங்குது."

தம்பி அண்ணனைச் சுவரோரமாக நகர்த்திக்கொண்டு வந்தான்.

"அண்ணே, ஒண்ணு கேக்கட்டுமா? சிரிக்கக் கூடாது."

"கேளு."

"சோப்பு போட்டேன். புது மணல் கொண்டுவந்தேன். புரட்டாம வச்சேன். எல்லாம் செஞ்சும் என் வரிசை மட்டும் அழுகிச்சுன்னா, மிச்சம் இருக்கறது கைதான? கைராசின்னு நீ சொல்லும்போதெல்லாம் நான் கேலி பண்ணுவேன். இப்ப யோசிச்சா அதுதான் நிஜமோன்னு படுது. சில பேருக்குக் கையே அப்படித்தான் போல." அவன் கைகளை வெளியே எடுத்துப் பார்த்தான். ஐஸ் தின்று, விரல் நுனிகள் வெளுத்து வெடித்திருந்தன. "பிள்ளை பொறந்தா தூக்கறதுக்கே பயமா இருக்குண்ணே. அவகிட்ட சொல்லல. உன்கிட்டதான் சொல்றேன்."

இதைவிட வசதியான இடம் தாய்மாமனுக்கு ஆயுசில் கிடைக்கப்போவதில்லை. 'உன் கையில ஒண்ணுமில்லடா, ஒரே ஒரு புள்ளி, நான்தான் அள்ளிப் போட்டேன்.' அவ்வளவுதான். சொல்லிவிட்டுக் கன்னத்தில் ஓர் அறை வாங்கினாலும் வாங்கிக்கொள்ளலாம். அவர் வாயைத் திறந்தார். வாய் பழகின பாதையிலேயே போய்விட்டது.

"எல்லாருக்கும் கை அமையுமாடா?" என்றார். "என் கை வேற."

தம்பி சிரித்தான். "அது சரிதாண்ணே" என்றான். உள்ளேயிருந்து மேஸ்திரி கூப்பிட்டார். அவன் கொக்கியை எடுத்துக்கொண்டு போனான்.

வாசற்படியில் பெரியவள் உட்கார்ந்திருந்தாள்.

"சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"என்ன சொன்னான்?"

"சிரிச்சான்."

அது பொய் இல்லை என்பதால் அவர் கண்ணைத் தாழ்த்தாமலே சொல்ல முடிந்தது. பெரியவள் நகர்ந்து வழி விட்டாள். கொஞ்ச நேரம் கழித்து, "அவன் மனசு யாருக்கு வரும்" என்று சமையலறையில் தனக்குத்தானே சொல்லிக்கொண்டது கேட்டது.

மறுநாள் சாக்கைக் காணோம். எலி கடித்துவிட்டது, தூர எறிந்துவிட்டேன் என்றார். பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் இப்போதெல்லாம் மணலைப் பற்றி அதிகம் சொல்வதில்லை. ஆமை அழும் என்று ஏதோ சொல்லி அனுப்பிவிடுகிறார். அந்த வாரமே குளியலறையில் சோப்பைக் காணோம் என்று பெரியவள் தேடினாள்.

"காக்கா தூக்கிட்டுப் போயிருக்கும்" என்றார் தாய்மாமன்.

"கதவு சாத்தியிருந்துதே?"

"காக்காய்க்குக் கதவு ஒரு தடையா?"

பருவம் முடியும் தறுவாயில், இன்னும் வெளுக்காத ஒரு காலையில், கரையில் கடைசித் தடம் ஒன்று கிடந்தது. தாய்மாமன் முட்டைகளை அப்போதே எடுக்கவில்லை. அடையாளத்துக்குக் குச்சியை நட்டுவிட்டு, காலி வாளியோடு பாறைகளுக்கு அந்தப் பக்கம் போனார். திரும்பி வரும்போது மூச்சு வாங்கியது. வாளி நிறைய ஈர மணல், தோள் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. கொட்டகைக்குப் பின்னால் டிரம்மின் மறைவில் உட்கார்ந்து, சட்டைப்பையிலிருந்து காகிதத்தில் சுற்றியதை எடுத்துப் பிரித்தார். முழங்கை வரைக்கும் தேய்த்தார். நுரையைக் கழுவிவிட்டுச் சட்டையில் துடைக்கப் போன கைகளைப் பாதியில் நிறுத்தி, மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

வலையோடு கடலுக்குப் போன ஒருவன் பார்த்துவிட்டான். "என்ன தாய்மாமா, ரெண்டு கையையும் தூக்கிட்டு நிக்கறீங்க?"

"வெயில் எப்படி இருக்குன்னு பாக்கறேன்."

வெயில் இன்னும் வரவில்லை. அவன் வலையைத் தோள் மாற்றிக்கொண்டு போனான். தாய்மாமன் கைகளை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்து திருப்பித் திருப்பிப் பார்த்தார். நகக்கண்ணில் கொஞ்சம் மணல் ஒட்டியிருந்தது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத் திரும்ப உட்கார்ந்து சோப்பை எடுத்தார்.